கைதட்டல் ஓய்ந்த பின்னர்
வைத்தியசாலைப் பணியாளரின் மனவடுக்களும் எமது கடமையும்

ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதியில், பிஞ்ச் வீதிக்குச் சற்று வடக்கே அமைந்துள்ள வைத்தியசாலையை அறியாத தமிழ்க் குடும்பங்கள் அப்பகுதியில் மிகச் சிலவே. இன்று அது ஸ்காபரோ சுகாதார வலையமைப்பின் ஒரு கிளை. முன்னர் அதன் பெயர் ஸ்காபரோ கிரேஸ். இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் ஆங்கிலம் தடுமாற, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தவர்கள் எம்மிடையே பலர் உளர். கனடா முழுவதையும் உலுக்கிய ஒரு கொள்ளை நோய் முதன்முதலாக வேரூன்றியதும் அந்த வைத்தியசாலையிலேயே என்பதை எமது இளந்தலைமுறையினர் அறிந்திருக்க மாட்டார்கள்.

2003 பெப்ரவரி மாத இறுதியில் ஹொங்கொங்கிலிருந்து ரொறன்ரோ திரும்பிய ஒரு மூதாட்டி, மார்ச் 5 ஆம் திகதி தம் வீட்டிலேயே இறந்தார். இரு நாட்களின் பின் அவரது மகன் மூச்சுத்திணறலுடன் ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலைக்கு வந்தார். அவரைப் பீடித்திருந்தது சார்ஸ் என்னும் புதிய நோய் என்பதை எவரும் அறிந்திலர். அவசர சிகிச்சைப் பிரிவில் பிற நோயாளர் மத்தியில் பல மணிநேரம் அவர் கிடந்தார். அங்கிருந்து நோய் அயலில் கிடந்த நோயாளருக்கும், அவர்களைப் பார்க்க வந்த உறவினருக்கும், தாதியருக்கும், வைத்தியருக்கும் பரவியது. மார்ச் 26 ஆம் திகதி ஒன்ராறியோ அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது.

அந்நோயினால் கனடாவில் 44 பேர் உயிரிழந்தனர். ஒன்ராறியோவில் நோயுற்றோர் ஏறத்தாழ 375 பேர். அவர்களுள் நூற்றுக்கு 72 பேருக்கு நோய் தொற்றியது சுகாதார நிலையங்களினுள்ளேயே. அவ்வாறு தொற்றியோரில் நூற்றுக்கு 45 பேர் அங்கு பணியாற்றியவர்கள். நோயைத் தீர்க்கும் இடமே நோயைக் கொடுக்கும் இடமாகவும், நோயாளரைத் தொட்ட கையே பிறர் அஞ்சும் கையாகவும் மாறிய காலம் அது.

மூவர் உயிர் கொடுத்தனர். நோர்த் யோர்க் பொது வைத்தியசாலையின் தாதி நெலியா லரோசா 2003 ஜூன் 29 அன்று இறந்தார். நோயுற்ற பணியாளரைப் பராமரிக்கத் தாமாக முன்வந்த தாதி டெக்லா லின் ஜூலை 19 அன்று இறந்தார். அவரிடமிருந்து தொற்றுப் பெற்ற அவரது கணவர் அவருக்கு முன்னரே உயிர் நீத்திருந்தார். குடும்ப வைத்தியர் நெஸ்டர் யாங்கா ஓகஸ்ட் 13 அன்று இறந்தார். லரோசாவும் யாங்காவும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி எம்மைப் போலவே இங்கு வந்தவர்கள்.

இம்மூவரையும் நாடு நினைவிற் கொண்டுள்ளது. ஆனால் உயிர் தப்பிய ஆயிரக்கணக்கான பணியாளரின் மனங்களுக்கு என்ன நேர்ந்தது? அதைக் குறித்தே இவ்வாரம் எழுத விழைகின்றோம். ஏனெனில் அவர்களுட் பலர் இன்று எம் வீடுகளில் வாழ்கின்றனர்.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில்

சார்ஸ் காலத்தில் 'வேலைத் தனிமைப்படுத்தல்' என்றொரு நடைமுறை இருந்தது. நோய்த் தொடர்புக்கு ஆளான பணியாளர் வேலைக்குச் செல்லலாம், வீட்டுக்குத் திரும்பலாம், வேறெங்கும் செல்லலாகாது. பேரூந்தில் ஏறலாகாது, கடைக்குப் போகலாகாது. வீட்டில் முகக்கவசத்துடன் இருத்தல் வேண்டும். தனியறையில் உறங்குதல் வேண்டும். நாளுக்கு இருமுறை உடல்வெப்பத்தை அளத்தல் வேண்டும். பெற்ற பிள்ளையை அணைக்க இயலாது. ஊரடங்குச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த எமக்கு, வாசற்படியைத் தாண்ட அஞ்சும் வாழ்வு புதியதன்று. ஆயினும் எமக்கு அந்நாட்களில் வீட்டினுள்ளே ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும் ஆறுதலாவது இருந்தது.

ரொறன்ரோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2004 இல் வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ 29 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டிற்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகளும், 31 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. சனிபுரூக் வைத்தியசாலையில் செய்யப்பட்ட வேறோர் ஆய்வில், பதிலளித்த தாதியருள் 45 சதவீதத்தினர் கடும் மனத்துயருக்கு ஆளாகியிருந்தமை தெரிய வந்தது.

இவற்றினும் கொடியது, தம் சொல் கேட்கப்படாமை. 2003 மே 17 இல் அவசரகால நிலை நீக்கப்பட்டது. நோய் ஒழிந்தது என நகரம் பெருமூச்சு விட்டது. நோர்த் யோர்க் பொது வைத்தியசாலையின் தாதியர் சிலரோ தம் வாட்டுகளில் சார்ஸ் இன்னும் பதுங்கியிருப்பதாக ஐயுற்று எச்சரித்தனர். அது செவிமடுக்கப்படவில்லை. சில நாட்களுக்குள் இரண்டாம் அலை வெளிப்பட்டது. பின்னர் நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2007 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கை இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஆபத்தைக் குறைக்கும் நடவடிக்கை விஞ்ஞான உறுதிப்பாட்டுக்காகக் காத்திருத்தல் ஆகாது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

விழா முடிந்த பின்னர் வந்த வலி

2003 ஜூலை 30 அன்று ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூ திடலில் மாபெரும் இசைவிழா நடைபெற்றது. புகழ்பெற்ற ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் பாட, ஏறத்தாழ நாலரை இலட்சம் மக்கள் திரண்டனர். நோயிலிருந்து நகரம் மீண்டுவிட்டது என உலகுக்கு அறிவிப்பதே நோக்கம். வைத்தியர் யாங்கா இறந்ததோ அவ்விழா முடிந்து இரு வாரங்களின் பின்னர்.

விழாவோடு யாவும் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் உளமருத்துவர் றொபேட் மோண்டரும் அவருடைய சகாக்களும் அவ்வாறு எண்ணவில்லை. நோய் அடங்கி 13 முதல் 26 மாதங்கள் சென்றபின், சார்ஸ் நோயாளரைப் பராமரித்த ரொறன்ரோ வைத்தியசாலைகள் 9 இலும், அந்நோயைக் காணாத ஹமில்ரன் வைத்தியசாலைகள் 4 இலும் பணியாற்றிய 769 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ரொறன்ரோப் பணியாளரிடம் மனக்களைப்பும், மனத்துயரும், மனவடுவின் அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. பலர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டனர். நோயாளரின் அருகிற் செல்வதையே குறைத்துக்கொண்டனர்.

இங்கு இரண்டு உண்மைகளை எம் வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. முதலாவது, இவர்களுட் பெரும்பாலோர் 'மனநோயாளர்' ஆகிவிடவில்லை. அதே குழுவினரின் பிறிதோர் ஆய்வின்படி புதிதாக மனநோய்க்கு ஆளானோர் நூற்றுக்கு ஐவரே. ஏனையோர் நடமாடினர், உழைத்தனர், சமைத்தனர், சிரித்தனர். உள்ளேயோ எண்ணெய் வற்றிய விளக்காக இருந்தனர். இரண்டாவது, யார் தாங்கிக்கொண்டனர், யார் தளர்ந்தனர் என்பதை முடிவு செய்தது பிறவித் துணிச்சல் மட்டுமன்று. போதிய பயிற்சியும், போதிய பாதுகாப்பும், மேலாளரதும் சக பணியாளரதும் ஆதரவும் தமக்குக் கிடைத்தன என உணர்ந்தவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டனர். ஆகவே தளர்ந்து போனவரைப் பலவீனர் என்பது அறியாமை. தனியே விடப்பட்டவர் என்பதே பொருந்தும்.

எமக்குப் பழகிய காயம்

மனத்தில் ஏற்படும் காயம் எமது மக்களுக்குப் புதிய செய்தியன்று. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் பெயரிலேயே தமிழில் நூல் எழுதினார். எம்மவர் மனத்துயரை மனத்துயர் என்று சொல்வது அரிது. தலையிடி என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், உடம்பு உளைகிறது, நித்திரை வருகுதில்லை என்பார்கள்.

1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி தினத்தன்று, இந்தியப் படையினர் யாழ். போதனா வைத்தியசாலையினுள் புகுந்து சுட்டதை எம்மில் எவரும் மறந்திலர். வைத்தியர், தாதியர், சிற்றூழியர் என 21 பணியாளர் அங்கு கொல்லப்பட்டனர். அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். அது தகும். ஆனால் சடலங்களுக்கிடையே மூச்சையடக்கிக் கிடந்து தப்பியவர்கள், பின்னர் அதே கட்டடத்துக்குள் வேலைக்குச் சென்றபோது எவ்வாறு உணர்ந்தார்கள்? இரவில் எவ்வாறு உறங்கினார்கள்? நாம் கேட்டதில்லை. இறந்தவரைப் போற்றவும், எஞ்சியவரை மறக்கவும் எமது சமூகம் நன்கு பழகியிருக்கின்றது.

கோவிட் காலமும் எம் சகோதரிகளும்

2020 ஜனவரி 25 அன்று கனடாவின் முதலாவது கோவிட்-19 நோயாளர் ரொறன்ரோ சனிபுரூக் வைத்தியசாலையில் இனங்காணப்பட்டார். மார்ச் 17 இல் ஒன்ராறியோ மீண்டும் அவசரகால நிலையை அறிவித்தது. சார்ஸ் கற்பித்த பாடங்கள் பல மறக்கப்பட்டிருந்தன. உயர்தர முகக்கவசம் கிடைப்பதற்காக ஒன்ராறியோத் தாதியர் சங்கம் 2020 ஏப்ரலில் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 23 வரை கனடாவிற் பதிவான தொற்றாளருள் 19.4 சதவீதத்தினர் சுகாதாரப் பணியாளர். ஆண்டிறுதியில் கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் திரட்டிய தகவலின்படி, பதிலளித்த சுகாதாரப் பணியாளருள் பத்துப் பேரில் எழுவர் தம் உளநலம் முன்னரிலும் மோசமடைந்ததாகக் கூறினர்.

இம்முறை கூடுதலாக அடிபட்டவை முதியோர் பராமரிப்பு இல்லங்கள். அங்கு பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் பராமரிப்பு உதவியாளராகவும், சமையற்கூடத்திலும், துப்புரவுப் பணியிலும் உழைப்போருட் பெரும் பகுதியினர் குடிவரவாளப் பெண்கள். எமது சகோதரிகளும் அவர்களுள் அடங்குவர்.

எமது தொடர்மாடியில் வாழும் ஒரு சகோதரி அவ்வாறானவர். வன்னியிலிருந்து வந்தவர், இரு பிள்ளைகளின் தாய். 2020 வசந்த காலத்தில் அவர் பணியாற்றிய இல்லத்தில் நோய் புகுந்தது. உறவினர் உள்ளே வரத் தடை. சாகும் தறுவாயிலிருந்த முதியவர்களின் காதருகே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் பணியாயிற்று. மறுமுனையில் பிள்ளைகள் அழுவார்கள். பேச்சு முடிந்ததும் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். வீட்டிலோ வாசலிலேயே உடை மாற்றி, குளித்து, வரவேற்பறை மூலையில் திரைச்சீலை கட்டி அதன் பின்னால் உறங்கினார். ஆறு வாரங்கள் தம் இளைய மகளைத் தொடவில்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்து ஒருநாள் அவரைச் சந்திக்கச் சென்றோம். அவர் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார். தொலைபேசி மணி ஒலித்தால் கை நடுங்குகிறதாம். குடும்ப வைத்தியரிடம் தலையிடிக்கு மருந்து கேட்டாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம். "எல்லாம் முடிஞ்சுதுதானே, இனி என்ன யோசனை?" என்று கணவர் கடிந்துகொண்டார். அவரைத் தேற்றும் எண்ணத்துடன் நாம், "நீங்கள் அந்த நேரம் தெய்வம் மாதிரி நிண்டனீங்கள், பிள்ளை" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னார்:

"தெய்வம் எண்டு இப்ப சொல்லுறியள், ரீச்சர். அப்ப என்னோடை லிப்ற்றிலை ஏற ஒருத்தரும் விரும்பேல்லை."

எமக்கு மறுமொழி வரவில்லை. அந்நாட்களில் அவர் சீருடையுடன் லிப்ற்றினுள் நிற்பதைக் கண்டு, "நீங்கள் போங்கோ" என்று கூறி அடுத்த லிப்ற்றுக்காகக் காத்து நின்றவர்களுள் நாமும் அடங்குவோம். அன்று விலகி நின்றது விதிக்கு ஏற்புடையதே. ஆயினும் அடுத்த நாளோ, அடுத்த மாதமோ அவருடைய கதவைத் தட்டாமல், வாசலில் நின்றபடியாவது நலம் விசாரிக்காமல் இருந்ததற்கு எந்த விதியையும் நாம் காரணம் காட்ட இயலாது.

புகழ்ச்சி என்னும் வாய்ப்பூட்டு

2020 வசந்தத்தில் மாலை தோறும் மக்கள் பலகணிகளில் நின்று கைதட்டினார்கள், பாத்திரங்களைத் தட்டினார்கள். 2021 செப்டெம்பரிலோ ரொறன்ரோப் பொது வைத்தியசாலையின் முன்னால் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துக் கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றம்.

கைதட்டலிலும் ஒரு தீங்கு உண்டு. வீரர் என்றும், தேவதை என்றும் ஒருவரை உயர்த்திவிட்டால், அவர் அழுவதற்கும் இளைப்பதற்கும் இடமில்லாது போகின்றது. கியூபெக் மாகாணத்தில் பராமரிப்புப் பணியாளரைக் 'காவல் தேவதைகள்' என அழைத்தனர். நோயாளரை நேரடியாகப் பராமரித்த அகதிக் கோரிக்கையாளருக்கு நிரந்தர வதிவிடம் வழங்கும் திட்டமொன்றை மத்திய அரசு 2020 ஓகஸ்டில் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பர் முதல் 2021 ஓகஸ்ட் இறுதிவரை விண்ணப்பங்களை ஏற்றது. பலர் அதனாற் பயன்பெற்றனர். ஆயினும் அதே வாட்டின் நிலத்தைக் கழுவிய துப்புரவாளர் அத்திட்டத்தில் அடங்கவில்லை. தேவதைகளுள்ளும் உயர்வு தாழ்வு வகுக்கப்பட்டது.

சட்டத்திலும் இவ்வாறே. நேரடிப் பராமரிப்பில் ஈடுபடும் தாதியருக்கு மனவடு நோய் ஏற்பட்டால், அது வேலையால் வந்ததென்றே கொள்ளும் விதியினுள் ஒன்ராறியோ 2018 இல் அவர்களைச் சேர்த்தது. பராமரிப்பு உதவியாளரோ, துப்புரவாளரோ அப்போது சேர்க்கப்படவில்லை. அவர்களும் தொழிலாளர் காப்பீட்டுச் சபையிடம் மனப்பாதிப்புக்கு ஈடு கோரலாம். ஆனால் வேலையே காரணம் என நிறுவும் சுமை அவர்கள் மேலேயே விழுகின்றது.

உதவி நாட அஞ்சுவது கல்வியறிவு குன்றியோர் மாத்திரம் என்றும் எண்ணலாகாது. நியூயோர்க்கில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை வகித்த வைத்தியர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரல் 26 இல் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். தாம் சிகிச்சை பெற்றது தெரிந்தால் தொழில் அனுமதி பறிபோகும் என அவர் அஞ்சியதாக அவரது குடும்பத்தினர் கூறினர். சுகாதாரப் பணியாளரின் உளநலத்தைக் காக்க அவர் பெயரிலேயே அமெரிக்காவில் 2022 மார்ச்சில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தலைமை வைத்தியருக்கே அந்த அச்சம் இருந்ததென்றால், மணிச்சம்பளத்துக்கு இரு இடங்களில் உழைக்கும் எம் சகோதரிக்கு இராதா?

நாம் செய்யக்கூடியவை

முதலில் அந்த அச்சத்தை நீக்குவோம். வைத்தியரிடம் கூறுவதை, உயிராபத்து முதலான சட்டம் குறிப்பிடும் சில சந்தர்ப்பங்கள் தவிர, அவர் வேலை வழங்குநரிடமோ, உறவினரிடமோ வெளியிடுதல் ஆகாது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவருக்கு, அவரது நோயால் நாட்டுக்குச் செலவு மிகும் எனக் காரணங்காட்டி நிரந்தர வதிவிடத்தை மறுக்கக் கனடியச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே தலையிடி என்று மட்டும் சொல்லி மாத்திரையுடன் திரும்பாது, நித்திரையின்மையையும், நடுக்கத்தையும், திரும்பத் திரும்ப வரும் காட்சிகளையும் குடும்ப வைத்தியரிடம் விபரமாகக் கூறுதல் வேண்டும். தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் வேண்டும் எனக் கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்கச் செய்தல் தகாது. தாயின் துயரைச் சுமக்கும் வயதன்று அவர்களுக்கு.

உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினால் 988 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அழைக்கலாம். இச்சேவை 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்குகின்றது. அயலிலுள்ள உதவி நிலையங்களை அறிய 211 ஐ அழைத்து, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தொழிற்சங்கத்தில் உள்ளோர் தம் பிரதிநிதியிடம் காப்பீட்டுக் கோரிக்கை பற்றி விசாரித்தறிதல் நன்று.

குடும்பத்தவர் செய்ய வேண்டியது பெரிதன்று, ஆயினும் கடினமானது. "எல்லாம் முடிந்துவிட்டது" என்று கூறாதிருத்தல், "ஊரில் நாங்கள் படாத பாடா?" என்று ஒப்பிடாதிருத்தல். எமது பாடு பெரிது என்பதால் அவரது பாடு சிறிதாகிவிடுவதில்லை. உண்மையில் அவரும் அதே பாட்டைப் பட்டு வந்தவரே. பழைய வடுவின் மேலேயே புதிய காயம் விழுந்திருக்கின்றது. அவர் பேச விரும்பும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டலும், இரவு வேலை முடிந்து வருபவர் பகலில் உறங்க வீட்டை அமைதியாக வைத்திருத்தலும், சமையலை ஒரு நாளாவது அவர் கையிலிருந்து வாங்குதலும் ஆயிரம் கைதட்டல்களிலும் மேலானவை.

ஆலயங்களுக்கும், ஊர்ச்சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுக்கும் விழாக்களை ஆண்டுக்கு ஒன்றாவது குறைத்து, அப்பொழுதில் வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் உழைப்போர் தமக்குள் கூடிப் பேச மண்டபத்தைத் திறந்து விடுங்கள். மேடை வேண்டாம்; பேச்சாளர் வேண்டாம்; தேநீர் போதும். சக பணியாளரின் ஆதரவு மனத்தைக் காக்கும் என்பதை இந்நகரத்தின் ஆய்வே கூறியிருக்கின்றது.

அச்சகோதரியின் வீட்டுக்கு நாம் மீண்டும் சென்றோம். தெய்வம் என்ற சொல்லை எடுக்கவில்லை. அன்று லிப்ற்றில் ஏறாது நின்றதைக் கூறி, பின்னர் வந்து விசாரிக்காததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தார். தேநீருக்குப் பின் இரண்டு மணிநேரம் பேசினார். அடுத்த வாரம் குடும்ப வைத்தியரிடம் செல்ல நேரம் எடுத்திருப்பதாகவும், மொழிபெயர்க்க மகளை அழைத்துச் செல்லப் போவதில்லை என்றும் கூறினார். துணைக்கு வர இயலுமா என எம்மைக் கேட்டார். இயலும் என்றோம்.

உங்கள் தொடர்மாடியிலும், உங்கள் வீதியிலும் இவ்வாறு ஒருவர் இருப்பார். அவரது கதவைத் தட்டுவதற்கு இன்னொரு கொள்ளை நோய் வரும்வரை காத்திருத்தல் வேண்டாம்.